உபுண்டு 24.04: ஒரே தீம் சில சாளரங்களில் மட்டும் ஏறுவது ஏன்?

திரைவண்ணம் (கேள்வி)

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பு இருந்த மடிக்கணினியை 22.04 வழியாக 24.04-க்கு உயர்த்தியிருக்கிறேன். முன்பெல்லாம் இணையத்திலிருந்து இறக்கிய கருநிறத் தீம் ஒன்றை இல்லக் கோப்புறையிலுள்ள தீம்ஸ் கோப்புறைக்குள் போட்டு, உபுண்டுவின் மேசைச்சூழலான க்னோமுக்குரிய ட்வீக்ஸ் என்ற அமைப்புச் செயலியில் தேர்ந்தெடுத்துவிட்டால், கோப்பு மேலாளர் முதல் கால்குலேட்டர் வரை எல்லாச் சாளரங்களும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். இப்போது அதே தீமைத் தேர்ந்தெடுத்தால் டெர்மினலும் பிடிஎஃப் பார்வைச் செயலியும் மாறுகின்றன. கோப்பு மேலாளர், அமைப்புகள், உரைத் திருத்தி ஆகியவை அசையவே இல்லை. ஃபயர்ஃபாக்ஸின் மெனுக்களோ இரண்டிலும் சேராத ஒரு சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. ட்வீக்ஸில் முன்பு ‘அப்ளிகேஷன்ஸ்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘லெகசி அப்ளிகேஷன்ஸ்’ என்று இருப்பதையும் கவனித்தேன்.

இது தீமில் உள்ள பழுதா, நான் செய்யாமல் விட்ட அமைப்பு ஏதேனும் உண்டா, அல்லது இனி இப்படித்தானா? க்னோமுக்குப் பதில் கேடிஇ பிளாஸ்மா என்ற மேசைச்சூழலுக்கு மாறினால் தீருமா? இடைமுகத்தைத் தமிழில் வைத்திருக்கிறேன் என்பதையும் கருத்தில் கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

முனையப்பித்தன்

தீமில் பழுதில்லை. நீங்கள் கவனித்த ‘லெகசி’ என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது.

உபுண்டு 20.04-இல் இருந்த க்னோம் செயலிகள் ஏறத்தாழ அனைத்தும் சாளரம், பொத்தான் போன்றவற்றை வரையும் ஜிடிகே 3 என்ற கருவித்தொகுப்பின் மேல் எழுதப்பட்டவை. அந்தத் தொகுப்பு, பொத்தானின் ஓரம் எவ்வளவு வளைய வேண்டும், பட்டியலின் பின்னணி என்ன நிறம் என்பவற்றையெல்லாம் வலைப்பக்கங்களைப் போலவே சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றிலிருந்து படித்துக்கொள்ளும். தீம் என்று நாம் இறக்கியது பெரும்பாலும் அந்தக் கோப்புதான். 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்தது. அதன்மேல் க்னோம் செயலிகளுக்கென்றே எழுதப்பட்ட லிப்அட்வைட்டா என்ற நூலகத்தின் 1.0 பதிப்பு 2021-இன் கடைசி நாளில் வெளியானது. லிப்அட்வைட்டாவைப் பயன்படுத்தும் செயலி, தனக்கான சிஎஸ்எஸ்-ஐத் தன்னோடே கொண்டு வருகிறது. ட்வீக்ஸில் நீங்கள் எந்தத் தீமின் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் அதை அது கேட்பதே இல்லை. 24.04-இல் கோப்பு மேலாளர், அமைப்புகள், உரைத் திருத்தி, கால்குலேட்டர் ஆகியவை இந்த வகை. டெர்மினலும் பிடிஎஃப் செயலியும் அந்தப் பதிப்பில் இன்னும் ஜிடிகே 3-இலேயே இருப்பதால் பழைய வழக்கப்படி கீழ்ப்படிகின்றன.

ஃபயர்ஃபாக்ஸின் கதை வேறு. உபுண்டுவில் அது ஸ்னாப் என்ற, தனித்து வேலியிடப்பட்ட பொதியாக வருகிறது. ஸ்னாப், தன் வேலிக்குள் இருந்துகொண்டு பொதுவான சில தீம்களை மட்டும் அடக்கிய தனிப் பொதி ஒன்றைத்தான் பார்க்கும்; உங்கள் இல்லக் கோப்புறையில் கிடக்கும் தீம் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொதி வகையிலும் இதே சிக்கல்தான், ஆனால் அங்கே கோப்புறைக்கு அனுமதி கொடுக்க வழியுண்டு.

உங்களால் செய்யக்கூடியது என்ன? லிப்அட்வைட்டா தீமைப் புறக்கணித்தாலும், பயனரின் சொந்த சிஎஸ்எஸ் கோப்பை இன்னும் படிக்கிறது. இல்லக் கோப்புறையில், புள்ளியோடு தொடங்கும் கன்ஃபிக் கோப்புறைக்குள், ஜிடிகே-4.0 என்ற உட்கோப்புறையை உருவாக்கி, அதில் ஜிடிகே என்ற பெயரில் ஒரு சிஎஸ்எஸ் கோப்பை வையுங்கள். பொத்தான்களின் வடிவத்தில் கை வைக்காமல், சாளரப் பின்னணி, தலைப்புப் பட்டை, பட்டியல் பின்னணி, அழுத்த நிறம் (தேர்ந்தெடுத்தவற்றை எடுத்துக்காட்டும் நிறம்) என்று லிப்அட்வைட்டா பெயரிட்டு வைத்திருக்கும் நிறங்களுக்கு மட்டும் உங்கள் மதிப்புகளைக் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றும் ஒரு வரிதான். அதன்பின் ஜிடிகே 3 பக்கத்துக்கு ஏடிடபிள்யூ-ஜிடிகே3 என்ற தீமை நிறுவி, அதே நிறங்களை ஜிடிகே-3.0 கோப்புறையிலும் எழுதிவிட்டால், இரு தலைமுறைச் செயலிகளும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிடும். நீங்கள் இழப்பது பழைய தீமின் வடிவங்களை. கிடைப்பது அடுத்த மேம்படுத்தலில் எளிதில் உடையாத ஒரு நிறத்தொகுப்பு.

ஜிடிகே தீம் என்ற சூழல் மாறியை (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்பை) ஒட்டுமொத்த அமைப்புக்கும் எழுதி வைக்குமாறு பல வலைப்பக்கங்கள் சொல்கின்றன. அது நிரலாளர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான வசதி. அதை நிரந்தரமாக்கினால் லிப்அட்வைட்டா தன் சொந்த சிஎஸ்எஸ்-ஐ ஏற்றாமல் விட்டுவிடும். அமைப்புகள் சாளரத்தில் வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பொத்தான்கள் ஓரமின்றி வெறும் எழுத்தாக நிற்கும்.

பழைய பென்டியம்

தொழில்நுட்ப விளக்கம் சரிதான், ஆனால் இதை இயற்கைச் சீற்றம் போல ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என்ற மூன்று நிறங்களோடு வந்தபோது, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிடாத தீம்களை அது ஏற்காது. ஆனாலும் யுஎக்ஸ்தீம் என்ற டிஎல்எல் கோப்பைத் திருத்திவிட்டு மக்கள் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பூட்டைப் பார்த்துச் சலித்து லினக்ஸுக்கு வந்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். இங்கேயும் பூட்டு வருகிறது என்றால் வருத்தம் வரத்தான் செய்யும்.

க்னோமில் அழுத்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2024 செப்டம்பரில், 47-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவும் ஒன்பது நிறங்களே. உபுண்டு அதற்கு முன்பே, 22.04-இலேயே, தன் இயல்பிருப்புத் தீமான யாருவைக் கொண்டு அதைச் செய்துவிட்டது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்டின் குழுவினரோ அதன் 22-ஆம் பதிப்பில் கால்குலேட்டர், வட்டுப் பயன்பாட்டுக் காட்டி போன்ற பல செயலிகளை ஜிடிகே 3-இல் இருந்த பழைய பதிப்புகளுக்கே திருப்பிக் கொண்டுபோய், பிறகு லிப்அட்வைட்டாவின் கிளையாக, தீமை மதிக்கும் லிப்அடாப்டாவையும் தொடங்கினார்கள். தீம்தான் முக்கியம் என்றால் கேடிஇக்குத் தாவுவதற்கு முன் மின்டின் மேசைச்சூழலான சின்னமனை ஒருமுறை பாருங்கள் என்பேன்.

முனையப்பித்தன்

பூட்டு என்ற சொல் இங்கே பொருந்துமா என்பதே என் ஐயம். 2019-இல் க்னோம் செயலி உருவாக்குநர்கள் பலர் சேர்ந்து எங்கள் செயலிகளுக்குத் தீம் போடாதீர்கள் என்று வெளியிட்ட திறந்த மடல், தன் கணினியைத் தானே மாற்றிக்கொள்ளும் பயனரை நோக்கியதன்று என்று அதிலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அவர்களது குறை, உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் இயல்பிருப்பாகவே தீம்களைத் திணிப்பதைப் பற்றியது. செயலியை எழுதியவர் ஒருமுறைகூடப் பார்த்திராத சிஎஸ்எஸ் அதன்மேல் ஏறி, கருநிறப் பின்னணியில் கருநிற ஐகான் மறைந்துபோனால், வழு அறிக்கை தீம் எழுதியவருக்குப் போவதில்லை, செயலிக்காரருக்குத்தான் போகிறது. ஜிடிகே 3-இன் சிறு மேம்படுத்தல்களில்கூடத் தீம்கள் உடைந்த காலத்தை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே. ஒன்பது நிறம் போதாது என்ற உங்கள் குறையில் மட்டும் எனக்கு முழு உடன்பாடு.

எழுத்துருக்காரி

தமிழ் இடைமுகம் என்று கேள்வியில் இருந்ததால் எழுதுகிறேன். தீம் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிட இதுதான் எனக்கு முதல் சோதனை.

தீம் எழுதுபவர் ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்து அளந்திருப்பார். மேல்பட்டையின் உயரத்தைப் பிக்சல் கணக்கில் இறுக்கி எழுதியிருக்கும் சில ஷெல் தீம்களில் (மேல்பட்டை போன்றவற்றுக்கான தீம்களில்) ‘ஜூன்’ என்ற மாதப் பெயரின் அடிப்பகுதியோ, ‘கீ’ என்ற எழுத்தின் மேல்சுழியோ வெட்டுப்படும். பக்கப்பட்டியலின் அகலமும் அப்படியே: ‘பதிவிறக்கங்கள்’ என்ற கோப்புறைப் பெயர் பாதியில் மூன்று புள்ளியாக முடிந்தால், அந்தத் தீம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது. தமிழ் வரிவடிவம் இல்லாத எழுத்துருவைத் தீமோடு சேர்த்து நிறுவினால், தமிழுக்கு ஃபாண்ட்கன்ஃபிக் என்ற எழுத்துருத் தேர்வு நூலகம் தானாக வேறொன்றைத் தேடி எடுக்கும். இரண்டின் உயரமும் ஒத்துப்போகாமல் வரிகள் ஏறியிறங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ஆகிய தமிழ் எழுத்துருக்களில் ஒன்றை முன்னுரிமையாக ஃபாண்ட்கன்ஃபிக் கோப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்க வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை நெறிமுறை. வெள்ளையின் மேல் 777777 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல்கூட மயிரிழையில் அதைத் தவறவிடுகிறது. அதைவிட மங்கலான சாம்பல்மேல் சாம்பலை ‘மினிமல்’ என்ற பெயரில் கொடுக்கும் தீம்களைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரைவண்ணம்

அனைவருக்கும் நன்றி. முனையப்பித்தன் சொன்னபடி இரு கோப்புகளிலும் நிறங்களை எழுதினேன். வெளியேறி மீண்டும் நுழைந்ததும் கோப்பு மேலாளரும் டெர்மினலும் ஒரே கருநீலத்தில் வந்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸை அதன் சொந்தத் தீம் வசதியிலேயே சரிசெய்துகொண்டேன். மேல்பட்டையில் ‘ஜூ’ வெட்டுப்பட்டது உண்மைதான், அதனால் ஷெல் தீமை நீக்கிவிட்டேன். கேடிஇ பற்றி மட்டும் யாரேனும் சொல்லுங்கள்.

பழைய பென்டியம்

கேடிஇயில் நிறம், சாளர ஓரம், ஐகான், சுட்டி என ஒவ்வொன்றும் தனித்தனியே அமைப்புகளில் கிடைக்கும். குவான்டம் என்ற தீம் இயந்திரத்தை நிறுவினால், கேடிஇயின் கருவித்தொகுப்பான க்யூடியில் எழுதப்பட்ட செயலிகளின் பொத்தான் வடிவம்வரை மாற்றலாம். ஆனால் அங்கே போனாலும் க்னோம் செயலிகள் லிப்அட்வைட்டா முகத்தோடுதான் திறக்கும்.

‘குளோபல் தீம்’ என்ற ஒரே சொடுக்குப் பொதிகளில் எச்சரிக்கை தேவை. அவை வெறும் நிறக்கோப்புகள் அல்ல. உள்ளே நிரல்துண்டுகளும் இருக்கலாம், அவை உங்கள் பயனர் உரிமையோடு இயங்கும். 2024 மார்ச்சில் அப்படியொரு தீமை நிறுவிய பயனர் ஒருவரின் கோப்புகள் மொத்தமாக அழிந்துபோயின. தீய நோக்கம் ஏதுமில்லை, தீமுக்குள் இருந்த ஷெல் கட்டளை ஒன்று பிழையாக எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே. நிறத்தொகுப்பு, ஐகான், வால்பேப்பர் ஆகியவற்றைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். குளோபல் தீம்தான் வேண்டும் என்றால் முதலில் இல்லக் கோப்புறையை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு, அந்த வட்டைக் கழற்றி வைத்த பிறகு நிறுவுங்கள்.