ஒளி 0.64% குறையுது, கோளின் ஆரம் மட்டும் பொருந்தலை

கெங்கேரி_வானம்:
டெஸ் (கோள் தேடும் நாசா விண்தொலைநோக்கி) தரவில் ஒரு நட்சத்திரத்தோட லைட் கர்வை (நேரத்தோட ஒளி மாறுற வரைபடம்) இறக்கினேன். டிரான்சிட் பள்ளம், அதாவது கோள் குறுக்கே போகும்போது ஒளி குறையும் அளவு, 0.64%. மறைபடுவது பரப்பு, அதனால வர்க்கமூலம் 0.08. சூரியனின் ஆரம் பூமியைப்போல 109 மடங்கு, அப்போ கோள் 8.7 பூமி ஆரம். கோள் பட்டியலில் 12.2 போட்டிருக்கு. ஞாயிறு கப்பன் பார்க் கூட்டத்துக்குள்ள புரிஞ்சாகணும்.

நிறமாலை:
0.08 என்பது கோளின் ஆரம் இல்லைங்க, நட்சத்திரத்தின் ஆரத்தில் எத்தனை பங்கு என்பதுதான். நீங்க அந்த நட்சத்திரத்தைச் சூரியனாவே எடுத்துக்கிட்டீங்க. பூமி அளவுக் கோள் சூரியனை மறைச்சா பள்ளம் 0.0084%. அதே கோள் டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்துக்கு முன்னால போனா கிட்டத்தட்ட 0.6%, ஏன்னா அந்தச் செங்குள்ளனின் ஆரம் சூரியனில் 0.12 பங்குதான்.

12.2-ஐ 8.7-ஆல வகுத்தா 1.4. நட்சத்திரம் 1.4 சூரிய ஆரமா இருக்கும். கையா (நட்சத்திரங்களின் தூரத்தை அளந்த விண்கலம்) தரும் தூரத்தையும் தோற்றப் பிரகாசத்தையும் வெச்சு ஒளிர்திறன் (அது வெளிவிடும் மொத்த ஒளி), நிறமாலையிலிருந்து வெப்பநிலை, ரெண்டும் சேர்ந்து ஆரம். வெப்பநிலை 2% பிசகினா ஆரம் 4% பிசகும். நடுவுல தூசி இருந்து அதைத் திருத்தாம விட்டா ஆரம் குறைஞ்சு வரும்.

கோரமங்கலா_இரவு:
அவசரப்படாதீங்க. 1.4 இன்னொரு வழியிலயும் வரும். டெஸ் பிக்சல் ஒவ்வொண்ணும் வானத்துல 21 ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). சமப் பிரகாசமுள்ள நட்சத்திரம் பக்கத்துல ஒட்டியிருந்தா ரெண்டின் ஒளியும் கலந்து பள்ளம் பாதியாகிடும், நிஜக் கோள் 1.41 மடங்கு பெருசு. டெஸ் ஒளி அளவுகள் ரெண்டு வரிசையா வரும்: பிடிசி சாப் (PDCSAP) வரிசையில் இந்த ஒளிக் கலப்பைத் திருத்தியிருப்பாங்க, சாப் (SAP) வரிசையில் அந்தத் திருத்தம் இருக்காது. எதை எடுத்தீங்க?

இன்னொரு சோதனை: பள்ளத்தின் நீளம், வடிவம், சுற்றுக்காலம் மூணையும் பொருத்தினா, வட்டப்பாதைன்னு வெச்சுக்கிட்டு, நட்சத்திரத்தின் சராசரி அடர்த்தி கிடைக்கும். சூரியனைப்போல 1.4 மடங்கு ஆரமும் 1.15 மடங்கு நிறையும் உள்ளதுன்னா சூரிய அடர்த்தியில் 0.42 பங்கு வரணும்.

கெங்கேரி_வானம்:
எடுத்தது சாப். பட்டியலில் நட்சத்திரத்தின் ஆரம் 0.99 சூரிய ஆரம். கையாவில் 9 ஆர்க்செகண்ட் தள்ளி அதே பிரகாசத்தில் ஒண்ணு இருக்கு.

நிறமாலை:
அப்போ என் ஊகம் தப்பு, கலப்புதான். நிஜப் பள்ளம் 1.28%, வர்க்கமூலம் 0.113, அதை 109-ஆலயும் 0.99-ஆலயும் பெருக்கினா 12.2.

கோரமங்கலா_இரவு:
ஆனா மங்கினது இந்த நட்சத்திரம்தானா, பக்கத்துலதா? பள்ளம் விழும் நேரத்துப் படத்தை பள்ளம் இல்லாத நேரத்துப் படத்திலிருந்து கழிங்க, ஒளி எந்தப் பக்கம் குறைஞ்சிருக்குன்னு தெரியும். பக்கத்து நட்சத்திரத்துலன்னா, அதோட ஆரத்தைப் போட்டு மறுபடி கணக்குப் பண்ணணும்.