மறு: 'ரஃப் ஐட்லிங்' – நின்றோட்ட உதறல் எண்டு வைப்பமா?

எல்லாருக்கும் வணக்கம். வாகனத்துக்கு வாற கோளாறுகளுக்குத் தமிழ்ச் சொல் பட்டியல் செய்யிற இந்த இழையில மூண்டு நாளா வாற மடல் எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான், ஆனா நேற்று இந்த வரியைப் பார்த்தாப் பிறகு பேசாமல் இருக்க ஏலாமல் போச்சு:

> ஐடில் = செயலற்ற நிலை. ரஃப் ஐடில் = கரடுமுரடான செயலற்ற நிலை. கணினிக்கு ஏற்கெனவே இப்பிடித்தானே பாவிக்கிறம், அதையே எடுப்பம்.

தம்பி, கோவிக்காதேங்கோ. கணினிக்கு அது சரியா இருக்கலாம், எஞ்சினுக்கு அது பொய். ஐட்லிங்ல, அதாவது வண்டி நிக்க ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் செயலற்றுக் கிடக்கேல்லை. நிமிசத்துக்கு 800, 900 சுத்துச் சுத்திக்கொண்டு, பெற்றோலை உறிஞ்சி எரிச்சு, நூந்து போகாமல் தன்னைத்தானே பிடிச்சுக்கொண்டு நிக்குது, அதுதான் எஞ்சினுக்கு ஆகப் பலம் குறைஞ்ச நேரம், கனக்க வருத்தம் அந்த நேரத்திலதான் முதல் வெளிய தெரியும். கரடுமுரடு எண்டது றோட்டுக்குச் சொல்லுற சொல். எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு பார்த்த ஒருத்தரும் அப்பிடிச் சொல்லமாட்டினம்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாக் கதைக்கிறன் எண்டா, சரியான சொல் இல்லாததால நான் ஒரு வருசம் அலைஞ்சனான். என்னட்டை 1970களில வந்த ஒரு வொக்ஸ்வாகன் கொம்பி இருக்கு, பின்னுக்குப் படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணிக் கான் எல்லாம் வைச்சு வீடு மாதிரிச் செய்தது, பிள்ளையளோட திருகோணமலை, மன்னார் எல்லாம் அதிலதான் போறது. 2022ல பெற்றோல் வரிசை நிண்ட காலத்தில அதை மாசக்கணக்கா வெள்ளவத்தையில வீட்டு வாசலில நிப்பாட்டி வைச்சிருந்தன். திரும்ப எடுக்கேக்க மூண்டு வருத்தம். காலி வீதியில சிக்னலுக்கு நிண்டா முழு வானும் காய்ச்சல்காரர் மாதிரி உதறும், அடுப்பில வைச்ச கேத்தல் மூடி கடகட எண்டு அடிக்கும். பச்சை விழுந்து அக்சிலேட்டரை அமத்தினா ஒரு கணம் ஒண்டுமே நடக்காது, பேந்து பாய்ஞ்சு போகும், கொஞ்சம் வேகம் எடுத்தாப் பிறகு வெட்டி வெட்டி இழுக்கும்.

கராஜ்ல போய் நான் சொன்னது ஒரே ஒரு சொல்: "மிஸ் பண்ணுது". பாஸுக்கு, அதான் மெக்கானிக்குக்கு, சிங்களத்தில சொல்லேக்கயும் அதே "மிஸ் வெனவா" தான். அவர் பிளக் நாலையும் மாத்தி, ஐட்லிங் ஸ்குரூவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி விட்டார். உதறல் மறைஞ்சுபோச்சு, ஆனா வருத்தம் போகேல்லை, பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைக்கேக்கயே வான் முன்னுக்குத் தள்ளத் தொடங்கிச்சு. அடுத்த கராஜ்ல, காத்தையும் பெற்றோலையும் கலக்கிற காபரேட்டரையே மாத்தச் சொல்லிச்சினம். நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா அவையும் ஒழுங்காத் தேடியிருப்பினம் எண்டு இப்ப விளங்குது, ஏனெண்டா நான் "மிஸ்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள போட்டு அடைச்சது மூண்டு வேற வேற குணங்குறி.

கடைசியில, கொழும்பில வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ஒரு வயசான பாஸ்தான் பிடிச்சார். அவர் ஒண்டையும் கழட்டேல்லை, முதல் கேட்ட கேள்வி, "நிண்ட இடத்தில உதறுறது, கொஞ்சம் ரேஸ் பண்ணினா நிக்குதோ, இல்லாட்டிக் கூடுதோ?" நிக்குது எண்டன். உடன ஒரு போத்தலில தண்ணி நிரப்பி, எஞ்சின் ஓட ஓட, காபரேட்டரில இருந்து ரெண்டு பக்கமும் போற குழாயில இருக்கிற றப்பர் பூட் எண்ட இணைப்பு உறைக்கு மேல மெல்லமா விசிறினார். இடப்பக்கம் விசிறேக்க ஒண்டுமில்லை. வலப்பக்கம் விசிறின உடன எஞ்சின்ட சத்தம் மாறிச்சு. றப்பரைக் கையால மடிச்சுக் காட்டினார், அடிப்பக்கமா, கண்ணுக்குத் தெரியாத இடத்தில, நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு.

இதை நான் விபரமாச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. ஐட்லிங்ல, காத்தை உள்ள விடுற திறொட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும், எஞ்சினுக்குள்ள போற காத்தே கொஞ்சம், தட்டுக்குப் பின்னால உறிஞ்சல் கடுமையா இருக்கும். அந்த நேரம் ஒரு சின்ன வெடிப்பால களவாப் போற காத்தும் பெரிய பங்கு, பெற்றோல் அதுக்குக் காணாது, உதறும். தட்டைத் திறந்தா நேர்வழியால நிறையக் காத்து வரும், வெடிப்பால வாறது கணக்கில வராது, உதறல் அடங்கும். மற்றது, காலை அமத்தின உடன ஒரு கணம் செத்துப்போறது வேற கதை: காத்து உடன பாய்ஞ்சிடும், பெற்றோல் பாரமானது, பிந்தித்தான் வரும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் காபரேட்டரில ஒரு சின்னப் பம்ப் பெற்றோலைப் பீச்சுறது, என்ர வானில அந்தப் பம்ப்பின்ர சவ்வு கிழிஞ்சு கிடந்தது. மூண்டாவது, வேகத்தில வெட்டி வெட்டி இழுத்தது டாங்கில பிடிச்ச துரு வந்து பில்டரை அடைச்சதால. இதே வெட்டல், பிளக்குக்கு மின்பொறி குடுக்கிற பக்கத்தில பொயின்ற் தேய்ஞ்சாலும், கொயில் சூடாகித் தளர்ந்தாலும் வரும், எண்டபடியா அங்க பெற்றோலோ மின்சாரமோ எண்டு பிரிச்சுப் பார்க்கவேணும்.

மூண்டு குறி, மூண்டு காரணம். அப்ப மூண்டு சொல் வேணும்.

சொல்லுக்கு எங்க போறது? நோய்க்குப் போவம் எண்டுதான் நான் நினைக்கிறன். எங்கட ஆச்சிமார் நோ எண்டு ஒரு சொல்லோட நிக்கேல்லை, குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, இழுப்பு எண்டு பிரிச்சுத்தான் சொல்லுவினம், பரியாரி அதைக் கேட்டே பாதி கண்டுபிடிச்சிடுவார். அமெரிக்க மிஷனறி கிறீன் வைத்தியர் 1800களிலயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில தமிழில மருத்துவம் படிப்பிச்சவர். உடம்பைப் பற்றிச் சொல்ல எங்களிட்டச் சொல் இருக்கு, அதை எஞ்சினுக்குக் கொண்டுவாறதுதான் மிச்சம்.

என்ர முன்மொழிவு இது. ஐட்லிங் = நின்றோட்டம். வான் நிக்குது, எஞ்சின் ஓடுது, ரெண்டும் ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. ரஃப் ஐட்லிங் = நின்றோட்ட உதறல். காலை அமத்தின உடன வாற தடங்கல் = எடுப்புத் திக்கல், திக்குவாய்க்காரருக்கு முதல் எழுத்து வராமல் நிண்டு பேந்து சொல் பாய்ஞ்சு வாற மாதிரித்தான் அது. ஓடேக்க வாறது = வெட்டிழுப்பு, வலிப்பு வந்தாக் கைகால் வெட்டி வெட்டி இழுக்குது எண்டு சொல்லுறமே, அது. மிஸ்ஃபயருக்கு, அதாவது சிலிண்டருக்குள்ள எரியவேண்டியது எரியாமல் போறதுக்கு, எரிதவறல் எண்டு வைக்கலாம், அது காரணத்தின்ர பேர், குறியின்ர பேர் இல்லை, ரெண்டையும் கலக்கக் கூடாது.

கண்டியில இருந்து எழுதின அக்கா இப்பிடிக் கேட்டிருந்தா:

> எடுப்பு எண்டது பேச்சுச் சொல். பிள்ளையள் ஆர்முடுகல் எண்டுதானே படிக்கினம், 'ஆர்முடுகல் இடையூறு' எண்டா ஏன் கூடாது?

அக்கா, ஆர்முடுகல் எனக்கு உயிர். இந்தியாவில முடுக்கம் எண்டு எழுதினாலும் ஓ லெவல்ல படிச்ச அந்தச் சொல்லை நான் விடமாட்டன். ஆனா அது வேகம் மாறுற வீதம், அளக்கிற கணியம், அதுக்கு அலகு இருக்கு. திக்கல் வாறது ஆர்முடுகல் தொடங்க முதல், கால் அமத்தினதுக்கும் வண்டி அசையுறதுக்கும் நடுவில. அந்த இடத்துக்குச் சாரதிமாரிட்ட இருக்கிற சொல் எடுப்புத்தான், "எடுப்புக் காணாது" எண்டுதான் சொல்லுவினம். பேச்சுச் சொல் எண்டதுக்காக அதைத் தள்ளினா, கராஜ்ல ஒருத்தரும் வாயில எடுக்காத பட்டியல் ஒண்டுதான் எங்களிட்ட மிஞ்சும்.

"நின்றோட்டம் எண்டா நிண்டு நிண்டு ஓடுறது எண்டும் விளங்குமே" எண்டு இன்னொருத்தர் எழுதினவர். அது ஞாயமான பயம், நானும் யோசிச்சனான். நிண்டு நிண்டு ஓடுறதைச் சொல்ல நாங்கள் எப்பவும் அடுக்கித்தான் சொல்லுறது, ஒருக்காச் சொன்னா அந்தக் கருத்து வராது எண்டு நினைக்கிறன். ஐட்லிங்குக்கு வெற்றோட்டம் எண்டு இந்த இழையில முதல் வந்த சொல்லும் கெட்ட சொல் இல்லை, ஆனா ஆக்களை ஏத்தாமல் வெறுமையா ஓடுற பஸ்ஸுக்கு அதை விட்டு வைச்சா நல்லம்.

ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடேல்லை. காபரேட்டர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சுற இன்ஜெக்சன் எஞ்சின்ல, ஐட்லிங் காத்தை விடுற வால்வில அழுக்குப் பிடிச்சா, எஞ்சின் உதறாது, சுத்து ஏறும் இறங்கும், ஏறும் இறங்கும், ஒரு இடத்தில நிக்காது. ஹன்டிங் எண்டு சொல்லுறது, வேட்டை எண்டு யாரும் மொழிபெயர்த்துப் போடாதேங்கோ. பௌதிகத்தில படிச்ச ஊசலை வைச்சு நின்றோட்ட ஊசல் எண்டு எழுதிப் பார்த்தன், நல்லாத்தான் இருக்கு, ஆனா வாயில வருமோ தெரியேல்லை. புது றப்பர் பூட் ரெண்டு வாங்க சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போறன், அந்தப் பாஸிட்ட அவர் இதுக்கு என்ன சொல்லுறவர் எண்டு கேட்டுக்கொண்டு வந்து எழுதுறன், அதுவரைக்கும் பட்டியலில அந்த இடத்தை வெறுமையா விட்டு வையுங்கோ.