கிச்சுகிச்சு மூட்டினால் ஏன் சிரிக்கிறோம்?

கேள்வி:
என் மூன்று வயது மகளின் அக்குளை நோக்கி விரலை நீட்டினாலே போதும், தொடுவதற்கு முன்பே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். அவளே அதே இடத்தைத் தொட்டுக்கொண்டால் ஒன்றும் நேர்வதில்லை. நகைச்சுவை எதுவுமில்லாத இந்தச் சிரிப்பு பரிணாமத்தில் எங்கிருந்து வந்திருக்கும்?

மறுமொழி 1:
நகைச்சுவையைவிட இச்சிரிப்பு மிகப் பழையது. சிம்பன்சிக் குட்டியின் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் அது சிரிப்பொலி எழுப்புவதை டார்வின் 1872இலேயே பதிவு செய்திருக்கிறார். சிம்பன்சி பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒலியெழுப்பி, ஓடிக் களைத்தவர் இளைப்பதைப் போலச் சிரிக்கும். நாமோ ஒரே வெளிமூச்சைத் துண்டு துண்டாக நறுக்கிச் சிரிக்கிறோம். பாய்ந்து, செல்லமாகக் கடித்து, கட்டிப் புரளும் விளையாட்டின் நடுவே ‘இது சண்டையன்று’ என்று மற்றவருக்கு உணர்த்தும் குறிப்பாகவே அவ்வொலி தோன்றியிருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மறுமொழி 2:
தன்னைத் தானே தொடும்போது கூச்சம் எழாததற்குச் சிறுமூளையே முக்கியக் காரணம். நம் அசைவால் விளையப்போகும் தொடுவுணர்வை அது முன்கூட்டியே கணித்து மட்டுப்படுத்திவிடுகிறது. ஓர் ஆய்வில், ஒருவரின் கையசைவை ஓர் இயந்திரக் கரம் வாங்கி, நொடியின் சிறு பகுதி தாமதித்து அவரையே வருடியபோது கூச்சம் கூடியது. அதாவது, கணிப்பு தவறினால் நம் கையும் பிறர் கைதான்.

மறுமொழி 3:
கழுத்து, விலா போன்ற மென்மையான இடங்களைக் காத்துக்கொள்ளும் பயிற்சியே இக்கூச்சம் என்றும் சிலர் கூறுவர். உள்ளங்காலுக்கு அவ்விளக்கம் அவ்வளவாகப் பொருந்தவில்லை.