அங்கயற்கண்ணி என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். மகள் பிறந்து நான்கு மாதமாகிறது. மாமியாரின் பெயரான அங்கயற்கண்ணியை வைக்க எனக்கு ஆசை. மதுரை மீனாட்சியின் தமிழ்ப் பெயர். அழகிய கயல் போன்ற கண்ணுடையவள். பாட்டி பெயரைச் சுமப்பவள்தானே பெயர்த்தி! கணவரோ ‘கயல்’ போதும் என்கிறார். எங்கள் தெருவிலேயே மூன்று கயல்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மாமியாரே தடுக்கிறார்: “பள்ளியில் நான் பட்ட கேலி போதும்.”

பிறப்பைப் பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் இன்னும் அவகாசம் இருக்கிறது. வள்ளியம்மை, மெய்யம்மை போன்ற பழைய பெயர்களை அண்மையில் வைத்தவர்கள் சொல்லுங்கள்: பிள்ளைகள் அதை விரும்புகிறார்களா? பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலை எப்படிச் சமாளித்தீர்கள்? வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறீர்கள்? ‘அங்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.