புதுப்பிப்பு: சைக்கிளின் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) பின் டயரில் காற்று இறங்குவது, காரணம் ரிம் டேப்

கிளப்பின் கோடைக்கால கிராஸ்-கன்ட்ரி பந்தயங்களுக்கு முந்தைய இரவு பின் டயரில் 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால், காலையில் 12தான் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) கூட்டியது பலிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொன்னதுதான் கைகொடுத்தது. குமிழ் டயர் ஓரத்தில் வரவில்லை. இரண்டு ஸ்போக் நிப்பிள்களில் (சக்கரக் கம்பியை ரிம்மில் பிடிக்கும் மரைகளில்) வந்தது. ரிம்மின் ஸ்போக் துளைகளை உள்பக்கம் மூடும் டேப்பை உரித்தால், அங்கே கிழிசலே இல்லை! நாலு துளை தள்ளி, டேப் குழிந்து கீறியிருந்தது. காற்று ரிம்முக்குள்ளேயே சுற்றி வேறிடத்தில் வெளியேறுகிறது. அதனால் முழு டேப்பையும் மாற்றுங்கள்.

ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ. என்பதால் 28 மி.மீ. டேப். ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து, இழுத்து ஒட்டி, டேப் நன்றாக ஒட்ட டியூப் போட்டு ஓரிரவு அழுத்தவிட்டு, பிறகு டியூபை எடுத்துவிட்டு 100 மி.லி. சீலன்ட். இப்போது இரவில் 1 பிஎஸ்ஐதான் குறைகிறது.

வால்வு கோரிலும் (வால்வின் உள்ளே கழற்றக்கூடிய பகுதி) காய்ந்த சீலன்ட் ரப்பராக அடைத்திருந்தது. அதையும் மாற்றியாயிற்று.