அய்லா உண்மையில் வெளியாள்தானா? ஜீன் ஆவுலின் பனியுகத் தொடர் பற்றி ஒரு வழக்கு

கருங்குருவி:
ஜீன் ஆவுலின் பனியுகத் தொடரை ஒருவழியாக முடித்துவிட்டேன். ஆறு தடிப் புத்தகங்கள். 1980இல் 'தி க்ளான் ஆஃப் தி கேவ் பேர்' தொடங்கி 2011இல் 'தி லேண்ட் ஆஃப் பெயின்டட் கேவ்ஸ்' வரை. எழுதியவருக்கு 31 வருடம் பிடித்தது, எனக்கு எட்டு மாதம்.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: நிலநடுக்கத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்த ஐந்து வயதுச் சிறுமி அய்லா. நம் இனத்து மனுஷி. அவளைக் கண்டெடுத்து வளர்ப்பது ஒரு நியாண்டர்தால் கூட்டம், அதாவது பிறகு அழிந்துபோன இன்னொரு மனித இனம். அங்கிருந்து துரத்தப்பட்டு, தன்னைப் போன்றவர்களைத் தேடி, கருங்கடல் பக்கத்திலிருந்து இன்றைய பிரான்சு வரை போகிறாள். போகும் இடமெல்லாம் அந்நியப் பார்வை, பிறகு மெல்ல மெல்ல ஏற்பு.

என் குறை இதுதான். நெட்டையானவள், பொன்னிற முடி, நீலக் கண், பார்த்தவர் மயங்கும் அழகு. கவணில் ஒரே மூச்சில் இரண்டு கல் விடுகிறாள். குதிரையைப் பழக்கி ஏறுகிறாள். சிங்கத்தை வளர்க்கிறாள், அப்புறம் ஓநாய். கல்லை உரசி நெருப்பு எடுக்கிறாள். காயத்துக்குத் தையல் போடுகிறாள். ஊசிக்குக் காது குத்துவதும் அவள்தான். இப்படி ஒருத்தி வாசலில் வந்து நின்றால் எந்த ஊர்தான் கதவைச் சாத்தும்? வெளியாளின் வலி என்பது, கொடுக்க ஒன்றும் இல்லாதபோதும் உள்ளே விடுவார்களா என்ற பயம். அய்லாவுக்கு அந்தப் பயமே இல்லை. எங்கே போனாலும் கையில் சீர்வரிசைத் தட்டோடுதான் போகிறாள்.

மழைக்காலவாசகி:
தம்பி, முதல் புத்தகத்தை வேகமா புரட்டிட்டீங்களோ?

அந்தக் கூட்டத்துல அவ அழகி இல்ல, அசிங்கம். எவனும் கட்டிக்க வரமாட்டான்னு வளர்த்த அம்மா இஸாவே கவலைப்படறா. அழுதா கண்ணுல தண்ணி வருதேன்னு அதை ஒரு நோய்னு நினைக்கிறாங்க, ஏன்னா அவங்களுக்குக் கண்ணீர் கிடையாது. அந்தக் கூட்டத்துப் பிள்ளைங்களுக்கு மூலிகை அறிவெல்லாம் பிறக்கும்போதே நினைவுல இருக்கு. இவ மட்டும் ஒண்ணொண்ணா மனப்பாடம் பண்ணணும். அங்க அவதான் மந்தம்.

அப்புறம் அந்தக் கவண். பொம்பளை ஆயுதத்தைத் தொட்டா மரண சாபம். தலைவர் ப்ரனோட பேரப்பிள்ளையைக் கழுதைப்புலி தூக்கிட்டுப் போகுது, இவ கவணால அடிச்சுக் காப்பாத்தறா. அதனாலதான் அவ ரகசியம் வெளிய வருது. தண்டனை என்ன தெரியுமில்ல? ஒரு மாசத்துக்கு அவ செத்தவ. அவ சாமானையெல்லாம் எரிக்கிறாங்க. இஸா ஒப்பாரி வைக்கிறா, எதிர்ல நிக்கிற மகளை அவ கண்ணு பார்க்கல. பனிக்காலத்துல தனியா போய்ப் பிழைச்சு வர்றா.

நீங்க சீர்வரிசைங்கறீங்க. உயிரைக் காப்பாத்தின பொண்ணுக்கு உயிரோட கருமாதி பண்ணின ஊரு அது.

சும்மா_பார்க்க_வந்தவன்:
ஐந்தாவது புத்தகத்தில் மிக்ஸியும் ஆறாவதில் இன்டக்ஷன் அடுப்பும் வரும் என்று காத்திருந்தவன் நான். ஏமாற்றிவிட்டார்கள். (அந்தரங்கக் காட்சிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தால் ஆறு புத்தகம் நாலாகிவிடும், கவனித்தீர்களா?)

கருங்குருவி:
அக்கா, முதல் புத்தகத்தை விட்டுத்தருகிறேன். தொடரிலேயே அதுதான் நிஜமான நாவல். ஆனால் அங்கேயும் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்தக் கூட்டம் பழைய நினைவிலேயே வாழ்கிறது, புதிதாக ஒன்றும் யோசிக்க முடியாது, ஆகவே அழியப் போகிறது என்று ஆசிரியரே தீர்ப்பு எழுதிவிடுகிறார். கூட்டத்தின் பூசாரி க்ரெப்புக்கு அது தரிசனமாகவே தெரிகிறது. அழியப் போகிறவர்கள் நடுவே வாழப் போகிறவள் ஒருத்தி. அவளைப் போய் வெளியாள் என்பதா? வாரிசு அல்லவா அவள்?

கல்லும்_எலும்பும்:
அகழாய்வுப் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை.

பிறவி நினைவு என்பது முழுக் கற்பனை. அனுபவம் அப்படிப் பிள்ளைக்கு இறங்காது. நியாண்டர்தால்கள் புதிதாக எதையும் செய்யாதவர்கள் என்பதும் இன்று நிற்காது. பிரான்சின் புரூனிக்கெல் குகையில், வாசலிலிருந்து 300 மீட்டருக்கும் மேல் உள்ளே, சுண்ணாம்புக் கூம்புகளை உடைத்து வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். வயது சுமார் 1,76,000 ஆண்டு. நம் இனம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அந்த இருட்டுக்குள் விளக்கோடு போய் அடுக்கியிருக்கிறார்கள் என்றால் திட்டம் போடாமல் நடந்திருக்குமா? ஆனால் இந்த ஆய்வு வெளியானது 2016இல். 1980இல் எழுதியவரை இதற்காகக் குற்றம் சொல்வது ஞாயமில்லை.

அவருக்கு முன்னால் இருந்த படம் எது என்று பாருங்கள். 1908இல் லா ஷப்பேல்-ஓ-சான் என்ற இடத்தில் கிடைத்த எலும்புக்கூட்டை வைத்து மார்செலின் பூல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வரைந்த கூன் முதுகு மிருகம். அது மூட்டுவாதம் வந்த கிழவனின் எலும்பு என்று 1957இல் எடுத்துக் காட்டிய பிறகும் பள்ளிப் புத்தகப் படம் மாறவில்லை. அதே 50களில் ரால்ஃப் சொலெக்கி ஈராக்கின் ஷானிதார் குகையில் தோண்டினார். அங்கே கிடைத்த ஒருவருக்கு வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லை. இடது கண் பக்கம் பலத்த அடி, பார்வை போயிருக்கலாம். அந்த நிலையில் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒற்றைக்கண், ஒற்றைக்கை க்ரெப் அங்கிருந்து வந்தவர். ஐந்து பிள்ளை பெற்று, மின்னணு நிறுவனத்தில் வேலை பார்த்து, நாற்பது வயதில் எழுத உட்கார்ந்த அம்மாள் இதைப் பிடித்தாரே, அதைச் சொல்லுங்கள்.

கருங்குருவிக்கு ஒரு ஆயுதமும் தருகிறேன். பொன்முடி நீலக்கண் விஷயம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு வந்த நம் இனத்தார் கருத்த தோல்காரர்கள் என்றுதான் பழைய மரபணுக்கள் சொல்கின்றன. ஸ்பெயினின் லா பிராஞா மனிதர் வெறும் 7,000 ஆண்டு முந்தியவர், அவர்கூடக் கருப்பு, கண் மட்டும் நீலம். அய்லா கதை அதற்கும் இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது. தோல் நிறத்தில் அந்தப் பக்கம் வெளுத்தவர்கள் யாராவது இருந்திருந்தால் அது நியாண்டர்தால்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாவலில் தலைகீழ்.

கருங்குருவி:
அப்படிப் போடுங்கள்! வேற்று முகம் என்று சொல்லிவிட்டு, வாசகர்களில் பாதிப் பேரின் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் முகத்தை வைத்திருக்கிறார். படிக்கிற அமெரிக்கருக்கு அய்லாதான் சொந்தக்காரி, மற்றவர்கள்தான் விருந்தாளிகள்.

மழைக்காலவாசகி:
நிறம் தப்புன்னா தப்புதான், நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா அழகும் திறமையும் இருந்தா ஏத்துப்பாங்கன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது. நீங்க எந்த வீட்டுலயும் மருமகளா போனதில்லைல்ல?

ரெண்டாவது புத்தகம். பின்னால அவளுக்கு ஜோடியாகற ஜோண்டலாரை சிங்கத்துக்கிட்டேருந்து காப்பாத்தி, தச்சு, சோறு போட்டு எழுப்பி உட்கார வைக்கிறா. அவனுக்கும் இவமேல உசிரு. தனக்கு ஒரு மகன் இருக்கான், அவன் 'தட்டைத்தலை'க்கு (நியாண்டர்தாலை மத்தவங்க இளக்காரமா சொல்ற பேரு) பிறந்தவன்னு அவ சொன்ன அந்த நிமிஷம் அவன் மூஞ்சி எப்படிப் போகுது? தீட்டுப் பட்ட மாதிரி விலகறான். அத்தனை திறமையும் அந்த நேரத்துல எங்க போச்சு?

அஞ்சாவது புத்தகம் அசல் புகுந்த வீட்டுக் கதை. வெசேர் ஆத்தங்கரைக்கு, அவன் அம்மா வீட்டுக்கு வந்து சேர்றா. அவனோட பழைய ஆளு மரோனா சிரிச்சுக்கிட்டே ஒரு உடுப்பு குடுக்கறா, விருந்துக்குப் போட்டுக்கோன்னு. அது ஆம்பளைப் பசங்க குளிருக்கு உள்ள போடற உடுப்பு. ஊரே கூடிச் சிரிக்குது. இவ புரிஞ்சுக்கிட்டும் கழட்டல, தலையை நிமிர்த்திக்கிட்டு அப்படியே நடந்து போறா. அந்த இடத்தைப் படிச்சுட்டு நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன், எனக்கு வேற என்னென்னமோ ஞாபகம் வந்துடுச்சு.

சும்மா_பார்க்க_வந்தவன்:
அந்த வீட்டு அறிமுகப் படலம் இருக்கிறதே! "மாமுத்தோய் மக்களின் அய்லா, சிங்க முகாமின் உறுப்பினர், மமுத் அடுப்பின் மகள், குகைச் சிங்கம் தேர்ந்தெடுத்தவள், குகைக்கரடி காப்பவள்..." ஒவ்வொரு குகையிலும் முதலிலிருந்து. கல்யாணப் பத்திரிகையில் மாமன் மச்சான் பட்டம் எல்லாம் அச்சடித்த மாதிரி.

மழைக்காலவாசகி:
ஹாஹா, அதை மட்டும் ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, முதல் புத்தகத்துல அவளுக்குச் சொல்லிக்க ஒரு உறவு இல்ல. அந்த நீளப் பட்டியலே அவ சம்பாதிச்சதுதானே?

யாழ்நிலா:
நான் மூண்டாம் புத்தகத்தோட நிப்பாட்டினனான். நீங்கள் எல்லாரும் அய்லாவைப் பற்றியே கதைக்கிறீங்கள், ரைடாக் எண்ட பெடியனை ஒருத்தரும் சொல்லேல்லை.

அவன் பாதி அந்த இனம், பாதி இந்த இனம். தாய் செத்துப்போக, மாமுத்தோய் எண்ட சனத்தின்ர சிங்க முகாம் தலைவற்ற மனுசி நெஸி தன்ர பிள்ளையோட சேர்த்து அவனுக்கும் பால் குடுத்து வளர்க்கிறா. வாயால கதைக்க ஏலாது, இருதயமும் பலவீனம், ஓடி விளையாடவும் ஏலாது. அவனுக்கு விளங்காது எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கினம். அய்லா வந்து கைச் சைகை பழக்கினாப் பிறகுதான் தெரியுது, அவனுக்கு இவ்வளவு நாளும் எல்லாம் விளங்கினது எண்டு. பகிடியும் விடுறான்!

நான் வேறை பாஷைக்காரற்ற நாட்டுக்கு வந்து முதல் வருசம் வகுப்பில ஒண்டும் கதையாமல் இருந்த பிள்ளை. மந்தம் எண்டுதான் நினைச்சவை. அதால அந்தப் பக்கங்களை என்னால லேசில வாசிக்க ஏலாமல் போச்சுது.

கருங்குருவி:
யாழ்நிலா, இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் கேட்ட ஆள் அவன்தான், கையில் தட்டு இல்லாதவன். அவனுக்கு என்ன நடந்தது? கோடைக் கூட்டத்தில் செத்துப்போகிறான். தங்கள் முறைப்படி அவனைப் புதைக்க மாமுத்தோய் மக்கள் மறுத்துவிடுகிறார்கள். அய்லாதான் தன்னை வளர்த்த கூட்டத்தின் முறையில் சடங்கு செய்கிறாள். ஆக, பயனுள்ளவளுக்கு வரவேற்பு, பயனில்லாதவனுக்குக் குழிகூட இல்லை. நான் சொன்னதுதானே இது?

மழைக்காலவாசகி:
இல்ல தம்பி. நெஸி அவனை என்ன பயனுக்கு எடுத்து வளர்த்தா? அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

கருங்குருவி:
நெஸிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவள் ஒருத்தி, ஊர் இல்லை. அதே முகாமில் ஃப்ரெபெக்கைப் பாருங்கள். கர்ப்பிணி மனைவியை அய்லாவிடம் வைத்தியத்துக்குப் போகக்கூடாது என்று தடுத்தவன், பிரசவம் நல்லபடி முடிந்ததும் மனம் மாறுகிறான். மறுபடியும் பலன் கண்ட பிறகுதான்.

கல்லும்_எலும்பும்:
நீங்கள் இருவருமே விட்ட ஒருவன் ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறான். ப்ரூக்வல். அவன் பாட்டி காட்டில் தொலைந்து, கர்ப்பமாகத் திரும்பி வந்தவள். பிறந்த மகளுக்கு மகன் இவன். நாலில் ஒரு பங்கு நியாண்டர்தால். பிறந்தது முதல் அதே ஊரில், அதே மொழி பேசி, அதே சோறு தின்கிறான். முகம் மட்டும் காட்டிக் கொடுக்கிறது. 'தட்டைத்தலை' என்ற சொல்லைக் கேட்டாலே வெறி வரும். அவர்கள் மனிதர்கள் என்று அய்லா சொல்வதுகூட அவனுக்கு ஆறுதல் இல்லை, எரிச்சல். எங்கிருந்தோ வந்தவளுக்குப் பட்டப்பெயர் வரிசை, உள்ளேயே பிறந்தவனுக்கு ஒரு வசைச்சொல். ஆசிரியர் இவனை இன்னும் கொஞ்சம் பொறுமையாக எழுதியிருக்கலாம். வில்லன் பக்கம் தள்ளிவிட்டார்.

ருமேனியாவின் ஓசே குகையில் 40,000 ஆண்டுப் பழைய தாடை எலும்பு கிடைத்தது. நம் இனத்தவர். நாலு முதல் ஆறு தலைமுறைக்கு முன்னால் அவருக்கு ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்ததாக 2015இல் மரபணுவிலிருந்து கண்டுபிடித்தார்கள். அந்தக் குகை டானூப் நதிக்குப் பக்கம். நாவலில் அய்லாவும் ஜோண்டலாரும் மேற்கே போகும் வழியும் டானூப்தான். 1980இல் அய்லாவின் மகனாக டர்க் என்ற கலப்பினப் பிள்ளையைக் கற்பனை செய்தபோது இந்தக் கலப்பை நம்பாத அறிஞர்கள் நிறையப் பேர். 2010இல் ஸ்வாந்தே பாபோ குழு நியாண்டர்தால் மரபணுவைப் படித்த பிறகுதான் அவர்கள் வாய் அடைத்தது.

கருங்குருவி:
பெயரை எடுத்துவிட்டீர்கள், கேட்டே விடுகிறேன். டர்க் எங்கே? ப்ரனுக்குப் பின் தலைவனான ப்ரவுட் சபித்துத் துரத்தும்போது மகனை விட்டுவிட்டு வருகிறாள். சரி, வேறு வழி இல்லை. பிறகு ஐந்து புத்தகம் வருகிறது. கண்டத்தையே கடக்கிறாள், ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தாளா? வாசகர்கள் 31 வருடம் அவன் வருவான் என்று காத்திருந்தார்கள். வரவே இல்லை. தனக்கு ஏற்பு தேடியவள், பிள்ளைக்கு அந்த ஊரே போதும் என்று இருந்துவிட்டாள்.

மழைக்காலவாசகி:
எப்படிப் போவா? சாபம் வாங்கினவ அங்க பொணம். போய் நின்னா அவ அவங்களுக்கு ஆவி, பிள்ளைக்குப் பேயோட பிள்ளைன்னு பேரு. அங்க அவனுக்கு இஸாவோட மக உபா இருக்கா, ப்ரன் பார்த்துக்கறேன்னு வாக்கு குடுத்திருக்கார். கூட்டிக்கிட்டு வந்திருந்தா இன்னொரு ரைடாக். எங்க இருந்தா அவனைத் தட்டைத்தலைன்னு கூப்பிட மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும்.

யாழ்நிலா:
அதைத்தான் நானும் நினைச்சனான். எண்டாலும் ஒருக்காலாவது காட்டியிருக்கலாம்.

கருங்குருவி:
உங்கள் இருவருக்காக மூன்றாவது புத்தகத்தை மறுபடி எடுக்கிறேன். ரைடாக் வரும் அத்தியாயங்கள் மட்டும். நெஸியைப் பற்றி அப்புறம் பேசுவோம், நான் இன்னும் தோற்கவில்லை.

சும்மா_பார்க்க_வந்தவன்:
அறிமுகப் படலம் வந்தால் தாண்டிவிடுங்கள், பாவம்.