மருத்துவர் சாந்தா அம்மா: என் முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் மறைந்த மருத்துவர் வி. சாந்தாவை நினைவுகூர்ந்து முன்பு எழுதியபோது, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அவரே தொடங்கியதாகக் குறிப்பிட்டிருந்தேன். அது பிழை, திருத்திவிட்டேன். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அது. தேர்வாணையத் தேர்வில் வென்று கிடைத்த அரசு மருத்துவமனைப் பணியை ஏற்காமல், 1955 ஏப்ரலில் அங்கே வந்து சேர்ந்தவர் சாந்தா. தொடக்கத்தில் ஊதியமே பெறாமல் உழைத்து, அந்த வளாகத்திலேயே குடியேறி, வாழ்நாள் முழுவதும் நோயாளிகளுக்கு நடுவிலேயே இருந்தார். 2005-இல் மகசேசே விருது கிடைத்தது. ஆனால் எனக்கு அவருடைய பெருமை அந்த விருதில் இல்லை.

அந்தப் பெருமையை நான் கண்டது, புற்றுநோய்க்கு அவரிடம் காட்ட வந்த என் அத்தையிடம். முந்தைய பதிவைப் படித்த சிலர் அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புற்றுநோய் என்றாலே சாவுதான் என்று ஊரே சொல்லி அனுப்ப, மஞ்சள் பையில் மருத்துவச் சீட்டுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அவர், சாந்தா அம்மாவைப் பார்த்துத் திரும்பிய அன்று இரவு, பல நாள்களுக்குப் பிறகு ஒரு தட்டு ரசம் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.